ஏழு படங்கள் உள்ள பேப்பரை எடுத்துவிட்டேன், இப்போது மாற்றலாமா?

பெங்களூருவில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கும் மாணவி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ்வழி. இப்போது மடிவாளாவில் ஒரு பிஜியில் தங்கியிருக்கிறார். லேப் வகுப்பின் ஒரு பகுதியாக ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து 20 நிமிடம் விளக்க வேண்டும். அதன்பின் 10 நிமிடம் கேள்வி நேரம். இன்டர்னலில் இதற்கு 20 மதிப்பெண். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பெரிய ஜர்னலில் வந்ததை எடுத்தால்தான் மதிப்பு என்று தோழி சொல்ல, சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாவுக்கும் மனச்சோர்வு போன்ற நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பேப்பர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆசிரியரிடம் இவர் கொடுத்துவிட்டார். அதில் முதன்மைப் படங்கள் ஏழு. ஒவ்வொரு படத்துக்குள்ளும் பத்துக்கு மேல் சிறு படங்கள். தனியாக நாற்பது பக்கத்துக்கு மேல் இணைப்பு. படித்தால் பாதிக்கு மேல் புரியவில்லை. சீனியர் ஒருவர், "முன்னுரையையும் முடிவுரையையும் படி, போன வருஷ பிபிடியை (ஸ்லைடுகளை) நான் தருகிறேன்" என்கிறார். இணைப்பில் மேற்கோள் காட்டியுள்ள வேறு பேப்பர்களைத் திறந்தால் பணம் கேட்கிறது. அதற்கும் சீனியர் ஒரு திருட்டுத் தளத்தைச் சொல்லித் தந்திருக்கிறார். போன வாரம் வகுப்பில் ஒரு பையனின் ஆங்கில உச்சரிப்பை ஆசிரியரே கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து இவருக்குச் சரியான தூக்கமில்லை. கடைசி வரியில், "அப்பா கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார். பேசாமல் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். நடுவில், ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல இரண்டு வரி வருகிறது: "நான்காவது படத்தில் குழுவுக்கு எட்டு சுண்டெலி என்கிறார்கள். ஆனால் செய்முறைப் பகுதியில் ஒரு கூண்டுக்கு நான்கு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டே கூண்டுதானே? ஒரே கூண்டில் இருப்பவை ஒன்றிடமிருந்து ஒன்று பாக்டீரியாவைப் பெற்றுக்கொள்ளாதா? இதையெல்லாம் நான் கேட்கலாமா என்று தெரியவில்லை."

தாராளமாகக் கேட்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சுண்டெலிகள் புழுக்கையைத் தின்னும் பழக்கம் உள்ளவை. தன்னுடையதையும் தின்னும், கூண்டில் உடன் இருப்பவற்றின் புழுக்கையையும் தின்னும். அதனால் ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் பாக்டீரியாக்கள் ஒன்றுபோல ஆகிவிடும். இதைக் கூண்டு விளைவு என்று குடல் நுண்ணுயிர் ஆய்வாளர்கள் எல்லோரும் அறிவார்கள். எட்டு சுண்டெலி இரண்டே கூண்டில் இருந்தால், எட்டு தனித்தனிச் சாட்சிகள் இருப்பதாகக் கணக்கு வைக்க முடியாது. பேப்பரை எழுதியவர்கள் இதைப் புள்ளியியல் பகுதியில் சரிக்கட்டியிருக்கலாம். இணைப்பில் தேடிப் பாருங்கள். சரிக்கட்டவில்லை என்றால் உங்கள் சந்தேகம் அப்படியே நிற்கிறது. பாதிக்கு மேல் புரியவில்லை என்று எழுதியிருக்கும் நீங்கள், செய்முறைப் பகுதியையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பேப்பர் படிப்பது என்றால் அதுதான். முன்னுரையும் முடிவுரையும் படித்தவருக்கு இந்தக் கேள்வி வரவே வராது.

ஆகவே நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். நீங்கள் சந்தேகப்படக்கூடிய பேப்பரை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் "இது போதுமா, வேறு எப்படியும் இருக்கலாமா" என்று கேட்கும் அளவுக்கு உங்கள் கைக்குள் அடங்குகிற பேப்பராக அது இருக்க வேண்டும்.

பெரிய ஜர்னல் என்பது உத்தரவாதமா?

உங்கள் தோழி சொன்னதில் பாதி நியாயம் உண்டு. நல்ல ஜர்னல்களில் வருபவை கடுமையான மதிப்பாய்வைத் தாண்டி வருகின்றன. ஆனால் உங்களுக்கு மதிப்பெண் போடுபவர் ஜர்னலின் பெயருக்குப் போடுவதில்லை. அடுத்து, பெரிய இடத்தில் வந்துவிட்டதால் அது சரியாகத்தான் இருக்கும், நாம் யார் குறை சொல்ல என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தை மட்டும் மெதுவாக இறக்கி வைத்துவிடுங்கள்.

2010 டிசம்பரில் சயின்ஸ் இதழில் ஒரு பேப்பர் வந்தது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஜிஎஃப்ஏஜே-1 என்ற பாக்டீரியா, பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கைக் கொண்டு வளர்கிறது, டிஎன்ஏவிலேயே அதைச் சேர்த்துக்கொள்கிறது என்றார்கள். உலகமே பேசியது. 2012இல் அதே இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதை மறுத்தன. டிஎன்ஏவை நன்றாகச் சுத்தம் செய்து பார்த்தபோது அதில் ஆர்செனேட் தென்படவில்லை. பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கலவையில் (ஊடகத்தில்) உப்புகளோடு சேர்ந்து வந்த சிறிதளவு பாஸ்பேட்டே அந்தப் பாக்டீரியாவுக்குப் போதுமானதாக இருந்தது. கடைசியில் 2025 ஜூலையில் சயின்ஸ் அந்தப் பேப்பரைத் திரும்பப் பெற்றது. எழுதியவர்கள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. முக்கியமாக, யாரும் ஏமாற்றியதாக இதழ் சொல்லவில்லை. சோதனைகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்றுதான் சொன்னது.

இதில் உங்களுக்கு இரண்டு செய்தி இருக்கிறது. ஊடகத்தில் பாஸ்பேட் எவ்வளவு இருந்தது, டிஎன்ஏவை எப்படிக் கழுவினார்கள் என்பவை ஒரு முதுகலை மாணவி கேட்கக்கூடிய கேள்விகள்தான். இரண்டாவது, ஒரு பேப்பரில் ஓட்டை காட்டுவதும் எழுதியவர்மேல் பழி போடுவதும் வேறு வேறு. "இந்தப் படத்தை வைத்து இந்த முடிவுக்கு வர இன்னும் அதிகக் கூண்டுகள் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்லுங்கள். "தப்பாகச் செய்திருக்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள். முதல் வாக்கியத்துக்கு யாரும் கோபப்பட முடியாது.

எந்தப் பேப்பரை எடுத்தாலும் முதலில் பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து, திருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. கேள்வி நேரத்தில் வேறு யாராவது அதைச் சொல்லி நீங்கள் முழிக்கிற நிலை வேண்டாம்.

எதை எடுப்பது?

உங்கள் முன் இரண்டு வழி. ஒன்று, இதே பேப்பரை வைத்துக்கொண்டு, "ஏழு படத்தையும் சொல்ல நேரம் போதாது, மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் ஆழமாகச் சொல்லட்டுமா" என்று ஆசிரியரிடம் அனுமதி கேட்பது. அவர் சம்மதித்தால் இது கெட்ட வழி இல்லை. கூண்டு பற்றிய கேள்வி உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் கேள்வி நேரத்தில் எந்தப் படத்தையும் தொட்டுக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆறாவது படத்தில் இருக்கும் மரபணு வரிசைப் பகுப்பாய்வை நீங்கள் விளக்கவே முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுப் பேப்பரையும் சொல்லியாக வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால், அனுமதி கிடைத்தாலும் மாற்றுவதே மேல். மூன்று வாரம் என்பது புதிதாகத் தொடங்கப் போதுமான காலம். பேப்பரை மாற்றினால் ஆசிரியர் குறைவாக நினைப்பார் என்கிறீர்கள். காரணத்தோடு மாற்றும் மாணவியை யாரும் அப்படி நினைப்பதில்லை.

இந்தப் பருவத்தில் லேபில் ஆன்டிபயாடிக் வட்டுகளை வைத்து, அவற்றைச் சுற்றி இ.கோலை பாக்டீரியா வளராத வளையத்தை அளந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். உங்கள் கை செய்த வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பர் உங்களுக்குப் பாதி புரிந்த பேப்பர்.

என் முதல் பரிந்துரை, ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் 1952இல் ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜியில் எழுதியது. கேள்வி மிக எளிது: ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் பாக்டீரியா, அந்த மருந்தைச் சந்தித்த பிறகு உருவாகிறதா, முன்பே இருந்ததா? அவர்கள் செய்ததும் எளிது. ஓர் உருளைக் கட்டையின் முகத்தில் வெல்வெட் துணியை இழுத்துக் கட்டினார்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டை அதன்மேல் கவிழ்த்து மெல்ல அழுத்தினார்கள். துணியின் நுண்ணிய இழைகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசிமுனைபோல அங்கங்கே இருந்த பாக்டீரியாவை எடுத்துக்கொண்டன. அதே துணியில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அல்லது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் கலந்த புதுத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார்கள். மறுநாள் பார்த்தால், வெவ்வேறு தட்டுகளில் ஒரே இடத்தில் பாக்டீரியாத் திட்டுகள் (காலனிகள்) முளைத்திருந்தன. மருந்தைப் பார்த்த பிறகுதான் தாங்கும் தன்மை வருகிறது என்றால், ஒவ்வொரு தட்டிலும் வேறு வேறு இடத்தில் அல்லவா முளைத்திருக்க வேண்டும்? அதோடு நிற்கவில்லை. மருந்தே படாத மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து, மறுபடி பரப்பி, மறுபடி அச்செடுத்து, கடைசியில் மருந்தை ஒருமுறைகூடச் சந்திக்காமலே அதைத் தாங்கும் வகையைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கடைசிப் படியை வகுப்பில் சொல்லும்போது நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள். பேப்பரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதை விளக்க ஸ்லைடுகூடத் தேவையில்லை, கரும்பலகை போதும். உங்கள் லேபில் இருக்கும் கண்ணாடித் தட்டையும் ஒரு துண்டு வெல்வெட்டையும் கையில் பிடித்துக் காட்டலாம். சந்தேகப்படவும் இடமிருக்கிறது: துணி எல்லா இடத்திலும் ஒரே அளவு பாக்டீரியாவை எடுக்குமா? முதல் தட்டில் பட்ட மருந்து துணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போகுமா? பேப்பரில் இவற்றுக்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜியின் பழைய இதழ்கள் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசம் என்பது இன்னொரு வசதி.

பழைய பேப்பர் என்று வகுப்பில் அலட்சியம் வரும் என்று பயந்தால், கடைசி இரண்டு நிமிடத்தில் 2016இல் சயின்ஸ் இதழில் ராய் கிஷோனி குழுவினர் வெளியிட்டதைத் தொட்டுக் காட்டுங்கள். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள பாக்டீரியா வளர்க்கும் ராட்சத அகார் தட்டு. ஓரங்களில் மருந்தே இல்லை. நடுவை நோக்கிப் போகப் போக டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவு பத்துப் பத்து மடங்காக ஏறுகிறது. அதில் இ.கோலை படிப்படியாக முன்னேறி, முதலில் தன்னைத் தடுத்த அளவைப்போல 3,000 மடங்கு மருந்துள்ள பகுதியை இரண்டு வாரத்துக்குள் எட்டியது. அதன் காணொளி ஒரு நிமிடம் ஓடினாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது தேர்வு நம் நாட்டுப் பேப்பராக வேண்டும் என்றால்: கல்கத்தாவில் சம்புநாத் டே தனியாக எழுதி 1959இல் நேச்சர் இதழில் வந்தது. இரண்டே பக்கம். காலரா கிருமியை வளர்த்து, கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, வெறும் திரவத்தை முயலின் சிறுகுடலில் நூலால் கட்டிய ஒரு பகுதிக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் அந்தப் பகுதியில் நீர் கோத்தது. காலராவின் பேதிக்குக் காரணம் கிருமி வெளியிடும் நஞ்சு என்பது அப்படி நிலைநாட்டப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க எதைக் கண்ட்ரோலாக வைத்தார் என்று நீங்களே தேடி எடுத்து வகுப்புக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பல ஆன்டிபயாடிக்குகளை முறிக்கும் என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றி 2010இல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸில் வந்த பேப்பர். எழுதியவர்களில் முதல் பெயருக்குரியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று மாதிரிகளைக் கணக்குக் காட்டுகிறது. இதில் தரவு எங்கே முடிகிறது, இந்தியாவில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது குறித்த எச்சரிக்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டினால் அருமையான விவாதம் நடக்கும். ஆனால் அது அரசியலாகவும் மாறக்கூடும். முதல் தடவை பேசுபவருக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பது என் எண்ணம்.

சமீபத்திய பேப்பர்தான் வேண்டும் என்று ஆசிரியர் கட்டாயப்படுத்தினால், இப்படித் தேடுங்கள்: முதன்மைப் படங்கள் நான்குக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது ஒரு முறையாவது உங்கள் கையால் செய்த ஏதோ ஒரு சோதனை அதில் இருக்க வேண்டும், கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். எம்பயோ, பிளாஸ், ஈலைஃப் இதழ்களில் எல்லாம் இலவசமாகப் படிக்கலாம். மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரையை எடுக்காதீர்கள். அதில் சோதனை இருக்காது, பின்னணி தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

பணம் கேட்கும் பக்கமும் போன வருஷ பிபிடியும்

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் எல்லா ஜர்னலும் இலவசமாகிவிட்டது, நம் கல்லூரிக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்தத் திட்டம், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. ஆனால் அது அரசு நடத்தும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. உங்களுடையது தனியார் கல்லூரி. கல்லூரி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நூலகரிடம் போய், வேறு என்ன சந்தா இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

சீனியர் சொன்ன தளத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அதற்கு எதிராக மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அதை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் தேட வேண்டாம், தேவையும் இல்லை. பப்மெட் சென்ட்ரல், இதழில் வருமுன்பே கட்டுரைகளைப் பதிவேற்றும் பயோஆர்க்கைவ் இரண்டிலும் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, பேப்பரில் மின்னஞ்சல் கொடுத்திருக்கும் ஆய்வாளருக்கு நான்கு வரி எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். தன் வேலையை ஒரு மாணவி படிக்க ஆசைப்படுகிறாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

பேப்பரில் உள்ள படத்தை ஸ்லைடில் போட்டால் பதிப்புரிமை மீறலா என்றும் தயங்குகிறீர்கள். கவலை வேண்டாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ எடுத்தாள்வதை விலக்காக வைத்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் நீதிமன்றம் பேசியதும் இந்தப் பிரிவைத்தான். படத்துக்குக் கீழே பேப்பரின் பெயர், ஆண்டு, படத்தின் எண் போட்டுவிடுங்கள்.

சீனியரின் பிபிடி வேறு விஷயம். அது அடுத்தவரின் வேலை. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது: அதே ஆசிரியர் அதே ஸ்லைடைப் போன வருடம் பார்த்திருப்பார். ஏஐ செயலியில் பிடிஎஃப்பைப் போட்டு ஸ்லைடு வாங்கினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடினமான பத்தியைப் புரிந்துகொள்ள அதைக் கேட்டுப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அது தரும் எந்த எண்ணையும் பேப்பரில் கண்ணால் பார்க்காமல் ஸ்லைடில் ஏற்றாதீர்கள். இல்லாத மேற்கோள்களைக்கூட அது நிஜம்போலச் சொல்லும்.

இருபது நிமிடத்தில்

பின்னணிக்கு நான்கு நிமிடம் போதும். பலர் பத்து நிமிடம் பின்னணியே பேசி, படங்களை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இந்த வரிசையை விடாதீர்கள்: என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், கிடையச்சில் என்ன, நெட்டச்சில் என்ன, என்ன பார்த்தார்கள், அது கேள்விக்குப் பதிலா. அச்சுகளைச் சொல்லாமல் முடிவைச் சொன்னால் கேட்பவர் நீங்கள் சொல்வதை நம்ப மட்டுமே முடியும், சோதிக்க முடியாது.

வரைபடத்தில் தூண்களின் மேல் நிற்கும் சிறு கோடுகளை விட்டுவிடாதீர்கள். அவை திட்ட விலக்கமா (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு துல்லியம்) என்று படக்குறிப்பில் இருக்கும். திட்டப் பிழை எப்போதும் சின்னதாகத் தெரியும், அதனால் பார்வைக்கு எல்லாமே உறுதியாகத் தோன்றும். மூன்று முறை செய்தோம் என்று எழுதியிருந்தால், ஒரே குடுவையிலிருந்து மூன்று குழிகளில் ஊற்றியதா, மூன்று வெவ்வேறு நாளில் புதிதாக வளர்த்துச் செய்ததா என்று பாருங்கள். முதலாவது உங்கள் கை எவ்வளவு நிதானம் என்பதைக் காட்டும். இரண்டாவதுதான் பாக்டீரியாவைப் பற்றிப் பேசும். நீங்கள் கூண்டில் கண்டுபிடித்த அதே விஷயம்தான் இது.

கடைசி மூன்று நிமிடம் உங்களுடையது. இந்தப் பேப்பர் எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை, உங்களிடம் ஒரு லேபும் ஒரு மாதமும் கொடுத்தால் அடுத்து என்ன சோதனை செய்வீர்கள். இந்த மூன்றாவதுக்கு நிறைய யோசியுங்கள்.

ஆங்கிலமும் அந்தச் சிரிப்பும்

உங்கள் ஆங்கிலம்தான் தடை என்று முடிவுகட்டிவிட்டீர்கள். சோதித்துப் பார்ப்போம். பிஜியில் உங்கள் அறையில் தங்கியிருக்கும் ஐடி வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த அக்காவை உட்கார வைத்து, முழுப் பேப்பரையும் தமிழில் சொல்லுங்கள். உயிரியல் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி. எங்கே திக்குகிறீர்களோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் சொல்லும்போதே திக்கினால் அங்கே சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. விஷயம் இன்னும் பிடிபடவில்லை, அந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும். தமிழில் தங்குதடையில்லாமல் வந்துவிட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் முழுதாக எழுதி மனப்பாடம் செய்யுங்கள், தொடக்கப் படபடப்பைத் தாண்ட அது போதும். மீதிக்குக் குறிப்புகள். கிருமிகளின் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் தனியாக எழுதி உரக்கச் சொல்லிப் பாருங்கள். பெங்களூருவின் ஆய்வு நிறுவனங்களான ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் இணையதளங்களில் கருத்தரங்க அறிவிப்புகள் வரும். வெளியார் வரலாமா என்று கேட்டுக்கொண்டு ஒன்றுக்காவது போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஜப்பான்காரர், ஜெர்மன்காரர், வங்காளி எல்லோரும் அவரவர் உச்சரிப்பில் பேசுவதையும், யாரும் சிரிக்காமல் சோதனையைப் பற்றி மட்டும் கேட்பதையும் பார்ப்பீர்கள்.

தெரியாத கேள்வி வந்தால், பேப்பரில் இது சோதிக்கப்படவில்லை, சோதிக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யலாம் என்று சொல்லப் பழகுங்கள். அதுவும் தோன்றாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள். சுற்றி வளைத்தால்தான் அடுத்த கேள்வி வரும்.

ஆசிரியர் அந்தப் பையனைக் கிண்டல் செய்தது தவறு. இதில் மழுப்ப எதுவும் இல்லை. உங்களுக்கும் அப்படி நடந்தால், அன்று மாலையே தேதியோடு எழுதி வையுங்கள். முதலில் அவரிடமே தனியாக, "உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டா மேடம், எதற்கெல்லாம் எவ்வளவு என்று தெரிந்தால் தயாராக உதவும்" என்று கேளுங்கள். மதிப்பெண் பங்கீட்டைத் தெரிந்துகொள்வது நியாயமான கோரிக்கை. கிண்டல் தொடர்ந்தால் துறைத் தலைவர். அதற்கு மேல், யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்க்கும் குழு. புகார் கொடுத்தால் இன்டர்னலில் கைவைப்பார்களோ என்ற பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் தனியாகப் போகாமல், அந்தப் பையனோடும் இன்னும் இரண்டு பேரோடும் சேர்ந்து போங்கள் என்கிறேன்.

படிப்பை விடுவது பற்றி

20 மதிப்பெண்ணுக்காக எடுக்கிற முடிவு இல்லை இது. பேசி முடித்து, மதிப்பெண் வந்த பிறகும் நுண்ணுயிரியல் வேண்டாம் என்று தோன்றினால் அப்போது எழுதுங்கள், பேசலாம். அப்பாவிடம் கடனைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதையும் அப்போது பேசுங்கள். ஆனால் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று எழுதியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இது இன்னும் சில நாள் நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழையுங்கள். அரசு நடத்தும் இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரையும் பாருங்கள்.

இன்று ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஆசிரியருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் கொடுத்த பேப்பரில் ஏழு படங்கள் இருப்பதால் 20 நிமிடத்தில் நியாயமாக விளக்க முடியாது என்று தோன்றுகிறது. நாம் லேபில் செய்த ஆன்டிபயாடிக் சோதனையோடு தொடர்புள்ள லெடர்பெர்க் 1952 பேப்பருக்கு மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். கூடவே 2016 கிஷோனி பேப்பரின் ஒரு படத்தையும் காட்ட விரும்புகிறேன். மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்." பதில் வரும் வரை காத்திருக்காதீர்கள், இன்று இரவே பேப்பரை இறக்கி, முதல் பக்கத்தை அந்த அக்காவிடம் சொல்லிப் பாருங்கள்.